ஃபேனுக்கு அடியில் சித்திரவதை

"ஏன்யா, என் கடையில உனக்குச் சித்திரவதையா?"

மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி போட்ட சத்தத்தில், ஃப்ரேமுக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்த மெக்கானிக்கின் கை நின்றது.

"யாருண்ணே சொன்னது?"

"உன் பக்கத்து வீட்டம்மா. கண்ணாடி வாங்க வந்துட்டு, 'அந்த மனுஷனை ஏங்க இப்படிச் சித்திரவதை பண்றீங்க'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டுப் போறாங்க. நீ தினமும் உன் வீட்டுல சொல்றியாமே?"

மெக்கானிக் குனிந்து மறுபடி திருகாணியைத் திருகத் தொடங்கினார்.

"அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமாய்யா? நகத்தைப் பிடுங்குறது, தலைகீழாத் தொங்கவிடுறது, அதுதான் சித்திரவதை. ஃபேனுக்கு அடியில உட்கார்ந்து திருகாணி போடுறதா?"

"தப்புதாண்ணே."

"கஷ்டம்னு சொல்லியிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன். கிளம்பு, உன் வீட்டுக்குப் போவோம். உன் சம்சாரம் முன்னாடி நீயே இல்லைன்னு சொல்லு."

"வேலையை விட்டு வேணா நின்னுக்கறேண்ணே. வீட்டுக்கு மட்டும் வேண்டாம்."

முதலாளிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் விடவில்லை. வழியெல்லாம் யோசித்தார். மத்தியானம் இந்த ஆள் மேஜையிலேயே தலைசாய்த்துத் தூங்கினால்கூட எழுப்பியதில்லையே. ஒருவேளை நமக்கே தெரியாமல் ஏதாவது கொடுமை...?

வீட்டில் மெக்கானிக்கின் மனைவி கட்டிலில் கிடந்தாள். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. இத்தனை வருடத்தில் மெக்கானிக் இதைக் கடையில் சொன்னதேயில்லை.

"நீங்கதான் முதலாளியா?" முறைத்தாள். "என்னைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைக்கிறது எல்லாம் இவர்தான். 'என்னால உங்களுக்குச் சித்திரவதைதானே'ன்னு கேட்டா, 'அட போ, சித்திரவதைன்னா அது கடையிலதான். வீட்டுக்கு வந்தாத்தான் எனக்கு மூச்சே வருது'ங்கறார்."

சட்டென்று அவள் குரல் தழைந்தது.

"நிஜத்தைச் சொல்லுங்கண்ணே. இவருக்குக் கஷ்டம் கடையிலயா... இல்லே, என்கிட்டயா?"

மெக்கானிக் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலாளி அவர் பக்கம் திரும்பினார்.

"என்னய்யா, பாதி வேலையில வந்துட்டு இங்க வேடிக்கை பார்க்குறே? நட கடைக்கு, உன் தோலை உரிக்கிறேன்!"