நேற்று இருந்த கறுப்பு வட்டம்

“நேத்து இருந்துச்சுங்களே. நானே பாத்தேன்.”

ராஜமேரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இன்னிக்கு இல்லம்மா” என்றார் மாட்டு டாக்டர். அவர் கை முழங்கைவரை பசுவுக்குள் இருந்தது. அதோடு உள்ளே போன ஒயரின் மறுமுனை, ஜீப்பில் இருந்த பெட்டிக்குப் போனது. பெட்டித் திரையில் தூறல்போலச் சாம்பல் புள்ளிகள்.

பசுவின் முட்டைப்பையைத் தினமும் படத்தில் பார்க்கிற ஆராய்ச்சியாம். அவளுக்கு நம்பிக்கையில்லை.

பெங்களூர் லாரி ஓட்டும் அவள் புருஷன் செபாஸ்டின்தான், “நம்ம வூட்டு மாட்டைப் பாருங்க” என்று இவரை அனுப்பிவைத்தான். ஊசி போட்டுப் போட்டும் சினை நிற்கவில்லையென்று மாட்டைத் தள்ளிவிடத் துடிக்கிறவனுக்கு, டாக்டர் எதற்கு?

படித்தவர் வாயால் மலடு என்று ஒரு சொல் வந்தால் போதும். அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த பசு லாரியேறிவிடும். தரகர் மாது அதற்காகவே புளியமரத்தடியில் கயிறோடு காத்திருக்கிறார்.

“உங்கூட்லருந்து வந்தது எதுதான் வெளங்குச்சு?” என்று மாமியார் காலையிலேயே ராஜமேரியின் ஒட்டிய வயிற்றைப் பார்த்தபடி ஆரம்பித்துவிட்டாள்.

திரையில் கடுகாக இருந்த கறுப்பு வட்டம் மிளகாகி, நேற்று கோலிக்குண்டு அளவுக்கு வந்திருந்தது. இன்று காணோம். கையை விட்டு இவரே நசுக்கிவிட்டாரோ?

டாக்டர் கையை உருவினார்.

“அது உடைஞ்சு முட்டை வெளிய வந்தாச்சு. அப்படித்தான் ஆகணும். மாட்டு மேல ஒரு குத்தமும் இல்ல. நேத்து பருவத்துக்கு வந்து கத்துறப்பவே சினை ஊசிக்கு ஓட்டிட்டு வரச் சொன்னேனே, ஏன் வரல?”

பொம்பளை மாட்டை ஊசிக்கு ஓட்டிப்போனால் ஊர் சிரிக்கும் என்பது மாமியாரின் சட்டம். ஒவ்வொரு தடவையும் மாடு கத்தி ஓய்ந்த பிறகுதான் செபாஸ்டின் லாரியை விட்டு இறங்குவான்.

மாது கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

டாக்டர் கை கழுவ ராஜமேரி தண்ணீர் ஊற்றினாள். செம்பு காலியான பிறகும் நகரவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“ஐயா, குத்தம் இல்லன்னு சொன்னீங்களே... அத்தை உள்ளதான் இருக்காங்க. அவங்க காதுல விழற மாதிரி அதை இன்னொருக்கா சொல்லுங்களேன். மாடுங்கற வார்த்தைய மட்டும் விட்டுட்டு.”