நாலு கேள்வி

"மறுபடியும் ஒரு கேள்வியா?" லிஃப்ட் கதவு மூடினதுமே மேனேஜர் பல்லைக் கடித்தார். "இதோட நாலு. அந்த ஆளுக்கு நம்ம மேல என்ன கோபம்?"

பக்கத்தில் நின்ற சோதனைக்கூடத்து அம்மா ஃபைலை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

விஷயம் சின்னதுதான். பேஸ்மேக்கரிலிருந்து இதயத்துக்குப் போகிற வயரின் மேலுறை கிழிந்துபோனால், வயரையே பிடுங்காமல் கிழிசலை மட்டும் மூட ஒரு குட்டி உறை. சுண்டுவிரல் நகம் அளவு. கம்பெனி அதைச் செய்து வைத்து எட்டு மாதம் ஆகிறது. அனுமதி தரவேண்டிய அதிகாரிதான் விடமாட்டேன் என்கிறார். கம்பெனியில் அவருக்குப் பெயரே 'கொக்கி.'

முதலில், என்ன பசை என்று கேட்டார். அப்புறம், அது காய எவ்வளவு நேரம் என்றார். அப்புறம், எந்தச் சூட்டில் சோதித்தீர்கள் என்றார். இப்போது, உடம்புச் சூட்டில் உப்புத் தண்ணீரில் தொண்ணூறு நாள் ஊறவைத்துக் காட்டுங்கள் என்கிறார்.

"எப்படித்தான் கரெக்டா நாம செய்யாததையே கேக்கறாரோ. ஆஸ்பத்திரியில ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க, மனசாட்சி வேண்டாமா? நீங்களும்தான். முதல்லயே ஒழுங்கா சோதிச்சிருந்தா இந்த அலைச்சல் உண்டா?"

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

வேறு வழியில்லாமல் ஊறவைத்தார்கள். நாற்பத்தோராம் நாள் ஓரம் பிரிந்துகொண்டது. பிறகு பசையை மாற்றினார்கள். மறுபடி தொண்ணூறு நாள். இந்தத் தடவை உறை அசைந்துகொடுக்கவில்லை.

கொக்கி கடைசித் தாள் வரை படித்தார். கையெழுத்துப் போட்டார். முத்திரையும் விழுந்தது.

கார் வரை வந்த பிறகுதான் மேனேஜருக்குக் குடை ஞாபகம் வந்தது. அந்த அம்மா நகல் வாங்க இன்னும் மேலேயே இருந்தார். இவர் திரும்பிப் போனார். அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

"பேர் போடலைன்னா தெரியாதாம்மா?" அதிகாரியின் குரல். "சோதனைத் தாள்ல இருக்கிற அதே எழுத்துதான் எனக்கு வந்த நாலு கடிதத்துலயும். நான் கேட்ட நாலு கேள்வியும் நீங்க எழுதிக் கொடுத்தது. விஷயம் தெரிஞ்சா வேலை போயிருக்குமே?"

"போயிருக்கும் சார்."

மேனேஜர் குடையை எடுக்காமலே இறங்கிவிட்டார்.

திரும்பும் வழியில் காருக்குள் மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இனிமே ஏதாவது சந்தேகம்னா வெளியாளுக்கு எழுத வேண்டாம். எனக்கு எழுதுங்க."

"உங்களுக்குத்தான் சார் முதல்ல எழுதினேன். மூணு தடவை," என்றார் அந்த அம்மா. "மூணுலயும் 'படித்தேன்'னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."