இரண்டாவது குவளையிலேயே

கிசுமு நகரின் ஏரிக்கரையில் தகரக் கொட்டகைக்குள் சரியும் காலை வெயில் நீலப் பீப்பாயின் விளிம்பில் விழுகிறது. அவூர் மரத்துடுப்பால் சோப்புக் கரைசலைக் கிண்டிக்கொண்டிருக்கிறாள். நுரை தரும் இரண்டு பசைகளையும் தண்ணீரில் கலந்தாயிற்று. இனி உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் கரைசல் இறுகிக் கூழாகும். வழக்கமாக ஆறு குவளை பிடிக்கும். இன்று இரண்டாவது குவளையிலேயே துடுப்பு தானாக நிற்கிறது. மேலே வரவேண்டிய குமிழிகள் நடுவழியில் அசையாமல் தொங்குகின்றன. “அடிச்சது யோகம்! மிச்ச உப்ப உன் மீன் குழம்புல போடு, அதுலதான் எப்பவும் இருக்காது,” என்று மூத்த ஓரகத்தி அடோங்கோ சிரிக்கிறாள். அவூர் பீப்பாயின் பக்கவாட்டில் கை வைக்கிறாள். அடுப்பில் ஏற்றாத பீப்பாய் சுடுகிறது. துடுப்பிலிருந்து வழிந்தது மணிக்கட்டில் வழுவழுவென்று ஒட்டி, மெல்ல எரியத் தொடங்குகிறது. தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றியும் தோல் சிவந்துகொண்டே போகிறது. “அக்கா, இது உப்பே இல்ல. காஸ்டிக் சோடா.” சந்தையில் வாங்கிய மூட்டையில் பெயர் எதுவும் இல்லை, உள்ளே வெள்ளை மணிகள் உப்பைப் போலவே மினுங்குகின்றன. அடோங்கோவின் சிரிப்பு நின்றுபோகிறது. “நேத்தே கடைசி ஒரு குவளைக்கு இந்த மூட்டையப் பிரிச்சிட்டோமேடி...” நேற்றுக் கலக்கிய சோப்பு விடியற்காலையிலேயே பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. அவூர் ஈரக் கையோடு அங்குள்ள நர்ஸைக் கைபேசியில் அழைக்கிறாள். நர்ஸ் முந்திக்கொள்கிறாள்: “அக்கா, உங்களப் பத்தித்தான் பேசிட்டிருந்தோம்! சோப்பு தேன் மாதிரி கெட்டியா வந்திருக்கு. காலையில பொறந்த புள்ளையக் குளிப்பாட்ட இப்பதான் கேனத் தொறந்தோம்.” அவூர் வாயைத் திறக்கும் முன்பே, மறுமுனையில் ஒரு சிசு வீறிட்டு அழுகிறது.