பெரிய இன்ஜின் எடுத்த முள்ளம்பன்றி

காட்டோரத்தில் பழைய வண்டி விற்கும் ஓணானிடம் முள்ளம்பன்றி ஒன்று ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போனது. ஒரே மாதிரி இரண்டு சிவப்பு வண்டிகள் நின்றன.

"இது ஒன்றரை லிட்டர் இன்ஜின், சொன்னபடி கேட்கும். அது மூணு லிட்டர், மிதிச்சா பறக்கும்" என்றது ஓணான்.

முள்ளம்பன்றிக்குச் சின்னதுதான் பிடித்திருந்தது. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் அணில்கள் கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்தன. "பெரிசையே எடுத்துக்கிறேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

இன்சூரன்ஸ் எழுத வந்த கொக்கு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"பெரிய இன்ஜின், அதனால பிரீமியம் ரெண்டு மடங்கு ஆகும். ஏற்கெனவே மூணு பேர் இதைக் கொண்டுபோய் மரத்துல மோதியிருக்காங்க. நீங்க வேகமா ஓட்டுவீங்களா?"

முள்ளம்பன்றிக்கு முதுகு முள் அத்தனையும் சிலிர்த்துக்கொண்டது. "இடி விழுந்தா? வெள்ளம் வந்தா? யானை வந்து வண்டி மேல உட்கார்ந்தா?" என்று கேட்டுக் கேட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்தே பாலிசி எடுத்தது. அப்படியும் ஒரு வாரம் வண்டியைத் தொடவில்லை.

எட்டாம் நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு சாலைக்கு எடுத்தது. கால் பட்டதுமே வண்டி உறுமியது. பதறிப்போய்க் காலை எடுத்துவிட்டு, மெல்ல உருட்டிக்கொண்டே போனது.

பின்னால் வந்த எருமை, பக்கத்தில் நடந்தபடியே உள்ளே எட்டிப் பார்த்தது.

"வண்டி மக்கர் பண்ணுதா தம்பி? தள்ளி விடட்டுமா?"

"இல்லண்ணே, நல்லாத்தான் இருக்கு. நீங்க முன்னாடி போங்க" என்று முள்ளம்பன்றி ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது.