பதினொன்று என்றது ஸ்கேல்

நுண்ணுயிர் ஆய்வகம் ஒன்றில் ஒரு ஸ்கேலும் ஒரு பென்சிலும் இருந்தன. இரண்டும் ஆய்வு உதவியாளர் செண்பகவல்லியின் மேசையில் வேலை பார்த்தன. கிருமி வளர்க்கும் தட்டின் நடுவில் அவள் ஒரு மருந்து வில்லையை வைப்பாள். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை ஸ்கேல் அளக்கும், பென்சில் எழுதும். வட்டம் பதினெட்டு மில்லிமீட்டராவது இருந்தால் மருந்து கிருமியைக் கொல்கிறது என்று பொருள்.

அன்று ஸ்கேல் பதினொன்று என்றது. அளந்த மூன்று தட்டிலும் பதினொன்றுதான்.

ஆய்வகத் தலைவர் எட்டிப் பார்த்தார். "பதினெட்டுன்னு போடும்மா. மருந்து கம்பெனிக்காரங்க காத்திருக்காங்க."

ஸ்கேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இழுத்தா நீள நான் என்ன ரப்பரா?"

"உனக்கேன் வம்பு? அவர் சொன்னதை நான் எழுதிட்டுப் போறேன்" என்றது பென்சில்.

"எழுதுவே! காய்ச்சல்ல கிடக்கிற பிள்ளைக்கு இந்த மாத்திரையைக் கொடுத்துட்டு, இப்ப இறங்கிடும்னு ஒருத்தி உட்கார்ந்திருப்பாளே, அவகிட்டயும் நீயே போய்ச் சொல்லு!"



செண்பகவல்லி ஸ்கேலையும் பென்சிலையும் தட்டோடு எடுத்துத் தலைவர் முன்னால் வைத்தாள். "நீங்களே அளந்து, நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து அளந்தார். "பதினொண்ணு!" என்று ஸ்கேல் அவர் முகத்துக்கு நேரே கத்தியது.

அவர் நிமிர்ந்து, "வேற ஸ்கேல் இல்லையா?" என்று கேட்டார்.