ஏறாத நொதி

இதை எனக்கு முதலில் சொன்னவள் ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கும் செவிலி. என்னிடம் படித்தவள், கூட்டிச் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

லாரி ஓட்டுநர் ஒருவர் ஓர் ஆய்வில் சேர்ந்திருந்தார். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை எட்டு வாரம் நிறுத்தினால், ரத்தக்குழாயின் சுவரைப் புண்ணாக்கும் ஒரு நொதி எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பதே அந்த ஆய்வு.

முடிவு சொல்லும் நாளில் மனைவியும், அதே வீட்டில் இருக்கும் அக்காவும் உடன் வந்திருந்தார்கள்.

“என் தம்பி உயிரோட விளையாட இவதான் டாக்டர் தலையாட்டினா” என்று தொடங்கினாள் அக்கா. “மாத்திரைய நிறுத்துறாங்களே, ஏன் எதுக்குன்னு பொண்டாட்டிக்காரி கேக்க வேணாம்? குத்துக்கல்லாட்டம் உக்காந்திருந்தா!”

மனைவி கைப்பையின் வாரை முறுக்குவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

மருத்துவரின் முகமோ மலர்ந்திருந்தது. “கவலையே வேண்டாம்மா. நொதி ஏறவே இல்ல. சொல்லப்போனா எறங்கியிருக்கு! இவர மாதிரி ஆளுங்களுக்கு மாத்திரையே தேவையில்லையோ என்னவோ. அடுத்து இன்னும் நூறு பேருக்கு நிறுத்திப் பாக்கப்போறேன்.”

“அடேயப்பா!” ஓட்டுநருக்கு இருப்புக்கொள்ளவில்லை. “எங்க ஷெட்டுல பாதிப் பேருக்கு இதே மாத்திரைதான் டாக்டர். இன்னைக்கே போய் எல்லாரையும் நிறுத்தச் சொல்லிடறேன்.”

மனைவி எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடியும் எழுந்தாள்.

“வேணாங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க. டாக்டர், இவருக்கு மாத்திரை நிக்கவே இல்ல. காலையில காபியில நான்தான் பொடிச்சுக் கலந்தேன். தினமும் ஒண்ணு. பயமா இருந்துச்சு.”

ஓட்டுநர் வாயைப் பிளந்தார். “அதான் கசந்துச்சா? நான் உன் கைப்பக்குவம்னு நெனச்சேனே!”

அக்கா பொங்கி எழுந்தாள். “அடிப்பாவி! கட்டின புருஷனுக்கே திருட்டு மருந்தா? டாக்டர் உழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே! இனிமே உன் கையால அவன் எப்படி நம்பி ஒரு வாய் சாப்பிடுவான்?”

“மன்னிச்சிடுங்க அண்ணி.”

“என்கிட்ட எதுக்குக் கேக்குற? டாக்டர்கிட்டக் கேளு!”

மருத்துவரின் பார்வை கணினித் திரையிலேயே இருந்தது.

“ஒரு நிமிஷம்மா. தினமும் ஒண்ணுதான் கலந்தீங்களா?”

“சத்தியமா ஒண்ணுதான் டாக்டர்.”

“வழக்கமான ஒரு மாத்திரைன்னா நொதி பழைய எடத்துலயே நின்னிருக்கணும். இது எறங்கியிருக்கே! தினமும் ரெண்டு உள்ள போயிருந்தாத்தான் இப்படி வரும்.”

ஓட்டுநர் மனைவியைப் பார்த்தார். மனைவி திருதிருவென்று விழித்தாள்.

அக்கா விடுவிடுவென்று கதவை நோக்கி நடந்தாள். “நேரமாச்சு, கிளம்புங்க.”

“அக்கா!” என்றார் ஓட்டுநர்.

அவள் நின்றாள். திரும்பாமலே சொன்னாள்:

“ராத்திரிப் பால்ல ஒண்ணு. அவளும் போடுவான்னு எனக்கென்னடா தெரியும்?”