நூற்று எண்பத்திரண்டு

"நூத்தி எண்பத்திரண்டு" என்றாள் நர்ஸ்.

"உங்க மெஷின்லதான் கோளாறு!" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார் பட்டாசு. குடிநீர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தபோது கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. ஓய்வு பெற்று ஏழு வருஷமாகியும் மருந்து நமத்துப்போகவில்லை.

பக்கத்தில் அவர் மனைவி, கையில் சுற்றிய பிரஷர் பட்டையோடு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட் ஒத்துக்கொள்ளாது என்று எப்போதும்போல நாலு மாடியும் படியேறி வந்தவள். அதற்குள் இவர் டோக்கன் வாங்கிவைத்து, வந்தவளை உட்காரக்கூட விடாமல் உள்ளே இழுத்து வந்திருந்தார்.

"வீட்டு மெஷின்ல நூத்தி முப்பதைத் தாண்டினதே இல்லை. இங்க வந்தா மட்டும் எப்படிம்மா ஏறும்?"

"மாத்திரை ஒழுங்கா போடறாங்களா சார்?"

"போடறா, போடறா. நானே எடுத்துக் கையில குடுக்கறேன்."

மனைவி வாயைத் திறக்கவில்லை. மகனைப் பார்க்கப் போகமுடியாத ஏக்கத்தில் பேச்சே வரவில்லை போலிருக்கிறது, பாவம்.

டாக்டரம்மா நிமிர்ந்தும் பார்க்காமல் 'தகுதி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்றாவது தடவை.

போன தடவை மகனிடம் போனபோது இந்த வம்பெல்லாம் கிடையாது. அவன் இருக்கும் நாட்டுக்கு பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் இருந்தால் போதும், ஜம்மென்று போய் இறங்கிவிடலாம். இப்போது புதுச் சட்டம்! அறுபது தாண்டியவர்கள் ஒரு மாதத்துக்குமேல் தங்க மருத்துவக் காப்பீடு கட்டாயம். பிரஷர் நூற்று அறுபதைத் தாண்டினால் காப்பீட்டுக்காரன் பாலிசி தரமாட்டான். பாலிசி இல்லையென்றால் விசா இல்லை.

மருமகளுக்கு அடுத்த மாதம் மூன்றாவது பிரசவம். பட்டாசுக்கு பாலிசி எப்போதோ வந்துவிட்டது. அவருக்கு நூற்று இருபதுதான். கத்தியே தீர்த்துவிடுகிற ஆளுக்கு பிரஷர் எங்கே தங்கும்? சரி, நான் மட்டுமாவது வருகிறேன் என்று மகனிடம் சொல்லிப் பார்த்தார். "அம்மா இல்லாம நீங்க மட்டும் வந்து என்னப்பா பண்ணப்போறீங்க?" என்று கேட்டுவிட்டான்.

இருவரும் லிஃப்டில் இறங்கினார்கள். நாலு மாடிக்கும் பட்டாசு வெடித்துக்கொண்டே வந்தார்.

"போன தடவை எட்டு மாசம் இருந்தோமே, அந்த நாட்டுக்காரனுக்கு ஒரு ஊசி செலவு வச்சிருப்போமா? வயசானவன்னா அவ்வளவு இளக்காரம்! காலையில பார்க்குல நடை, மத்தியானம் லைப்ரரி, சாயங்காலம் நம்ம ஆளுங்களோட அரட்டை. சொர்க்கம்டி அது! உனக்கும்தான் என்ன குறை? வாசப்படி தாண்டற வேலையே இல்லாம இருந்தியே."

கதவு திறந்ததும் அவள் முதல் ஆளாக வெளியேறினாள்.

காப்பீட்டு அலுவலகம் தரைத்தளத்தில்தான் இருந்தது. பட்டாசு டாக்டரம்மாவின் தாளை மேஜையில் ஓங்கி அறைந்ததில் பேனா ஸ்டாண்டு கவிழ்ந்தது.

"இந்தாங்க! வச்சுக் கும்பிடுங்க! பெத்த பிள்ளையைப் பார்க்கப் போறதுக்கு ஒருத்தி ரத்தத்தை அளந்து காட்டணுமா? மனுஷங்கதானா நீங்கள்லாம்?"

அதிகாரி பேனாக்களைப் பொறுக்கி வைத்தார். சின்ன வயசு, நல்ல பொறுமைசாலி.

"சார், கத்தாதீங்க. காலையிலதான் புது சுற்றறிக்கை வந்திருக்கு. சட்டத்தைத் தளர்த்திட்டாங்க. பிரஷர் இனிமே தடையே இல்லை. அதனால வர்ற செலவை நாங்களே பார்த்துக்கறோம்னு அம்மா இதுல ஒரு கையெழுத்து போட்டாப் போதும். இன்னைக்கே பாலிசி தர்றேன்."

பட்டாசுக்குக் காதில் தேன் பாய்ந்தது. அங்கேயே மகனுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

"டேய், சட்டத்தை மாத்திட்டாங்கடா! அம்மாவுக்கு பாலிசி கிடைச்சாச்சு!"

"அப்பாடா! வீட்டு வேலைக்கு வர்றவங்களை இந்த வாரத்தோட நிறுத்திடறேன்பா. ஒரு வருஷம் தங்கற மாதிரி டிக்கெட் போடுங்க. இப்ப மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசறேன்."

போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, பட்டாசு பேனாவை எடுத்து மனைவியிடம் நீட்டினார். "போடு கையெழுத்தை!"

அவள் பேனாவை வாங்கவில்லை. படிவத்தை அதிகாரி பக்கமே தள்ளினாள். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"யாரைக் கேட்டுச் சட்டத்தை மாத்தினாங்க?"

அதிகாரி திகைத்துப்போனார். "அம்மா, உங்களுக்கு நல்லதுதானேம்மா…"

"எது நல்லது? ஒரு சட்டம் போட்டா அதை ஒரு வருஷமாவது உருப்படியா வச்சிருக்க மாட்டாங்களா? போன தடவை எட்டு மாசத்துல, அந்த வீட்டு அடுப்படியை விட்டா அந்த ஊர்ல நான் என்னத்தைக் கண்டேன்? இவருக்குப் பார்க்கு, லைப்ரரி. எனக்குப் பாத்திரமும் பால்புட்டியும்! இப்ப ஒரு வருஷமாம், இருக்கற ஆளையும் நிறுத்தறானாம்!"

முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் இப்படிக் குரல் உயர்த்தி பட்டாசு கேட்டதே இல்லை. அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"என்னடி பேசறே? மூணு தடவையும் உனக்கு பிரஷர் ஏறிப்போச்சேன்னு நான் நாயா அலைஞ்சேனே!"

"தானா ஏறலைங்க. நான் பாடுபட்டு ஏத்தினது!"